இன்றைய ஓவியர்களைப் பெயர் சொல்லி அறிய: சித்திரப் பாணியைப் படிக்கக் கற்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு காலத்துத் தமிழ் வாரப் பத்திரிகை வாசகர்கள் ஓவியரின் கையெழுத்தைத் தேடிப் பார்த்ததில்லை. பக்கத்தைப் புரட்டியதுமே இது கோபுலு, இது மாருதி, இது ஜெயராஜ் என்று சொல்லிவிடுவார்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று கேட்டால், இன்றும் பலருக்கு ஜெயராஜ் வரைந்த முகங்கள்தான் நினைவுக்கு வரும். எழுதியவரோடு சேர்த்து வரைந்தவரையும் தெரிந்து வைத்திருந்த வாசகர்கள் அவர்கள். இன்று கைபேசியில் நம்மைக் கடந்துபோகும் படங்களுக்குக் கணக்கே இல்லை. வரைந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. இது நல்ல பழக்கம் ஒன்றை நாம் தொலைத்துவிட்டதன் அடையாளம் என்றே நினைக்கிறேன். அதைத் திரும்பப் பெற முடியும். ஓவியப் பயிற்சியோ கலைக்கல்லூரிப் படிப்போ அதற்குத் தேவையில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஓடும் கருத்து ஒன்றுதான்: பாணி என்பது ஓர் ஓவியர் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவுகளின் தொகுப்பு. ஒரே படத்தில் அது தெரியாது. அவரது பத்துப் பதினைந்து படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். ஆகவே அழகான படங்களைச் சேர்ப்பதைவிட, ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னே போவதே சரியான வழி. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் சித்திரப் புத்தகங்களிலிருந்தே தருகிறேன். முப்பது நாற்பது பக்கங்களுக்கு ஒரே ஓவியரின் கையைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

முதல் படி: படத்திலிருந்து பெயருக்குப் போங்கள்

புத்தகத்தில் இது சுலபம். அட்டையில் இல்லாவிட்டாலும், பதிப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்தில் ஓவியர் பெயர் இருக்கும். அட்டை ஓவியத்தை ஒருவரும் உள்படங்களை இன்னொருவரும் வரைந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் பாருங்கள். பத்திரிகை என்றால் பொருளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். நியூயார்க்கர் இதழ் தன் அட்டை ஓவியரின் பெயரை ஒவ்வொரு இதழிலும் குறிப்பிடுகிறது. அந்த அட்டைகளைத் தொடர்ந்து பார்ப்பதே ஒரு பாடம்.

இணையத்தில் பெயரில்லாமல் கிடைக்கும் படம்தான் சிக்கல். கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். டின்ஐயில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்த முடியும். முதலில் வெளியான இடத்தை நெருங்க அது உதவும். பின்டரெஸ்ட் போன்ற தளங்கள் படங்கள் வந்து குவியும் இடங்கள், பிறந்த இடங்கள் அல்ல. அங்கே எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம்.

பெயர் கிடைத்த பிறகும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, பெயர்க் குழப்பம். யூகோ ஷிமிசு என்று தேடினால் ஹலோ கிட்டி பூனையை உருவாக்கியவரும் வருவார். நியூயார்க்கில் பணியாற்றும், தூரிகையும் மையும் கொண்டு வரையும் ஓவியரும் வருவார். இருவரும் ஜப்பானியப் பெண்கள், ஆனால் வெவ்வேறு நபர்கள். இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. 2022 முதல் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியபோது, போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைச் சொல்லி அவர் பாணியில் படம் கேட்டவர்கள் ஏராளம். விளைவு, அவர் வரையாத படங்கள் அவர் பெயரோடு இணையத்தில் சுற்றத் தொடங்கின. அவரே இதைப் பற்றி வெளிப்படையாகக் கவலை தெரிவித்தார். ஆகவே ஓர் ஓவியரைப் படிக்கத் தொடங்கும்போது அவரது சொந்தத் தளம், அவர் நூல்களை வெளியிட்ட பதிப்பகம், அச்சில் வந்த புத்தகம் ஆகிய மூன்றை மட்டும் ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தேர்ந்தவர்கள் தேர்ந்தெடுத்த பட்டியல்கள்

யாரைத் தேடுவது என்றே தெரியாதவர்களுக்கு விருதுப் பட்டியல்கள் நல்ல வாசல். குழந்தை இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1966 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓவியர்களுக்கும் தரப்படுகிறது. ஒரு புத்தகத்துக்காக அல்லாமல் மொத்தப் பங்களிப்புக்காகத் தருவதால், பாணியைப் படிக்க விரும்புபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் இல்லை என்பது என் கருத்து. 2018-இல் ரஷ்யாவின் இகோர் ஒலெய்னிகோவ், 2020-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பெர்ட்டீன், 2022-இல் தென்கொரியாவின் சூசி லீ, 2024-இல் கனடாவின் சிட்னி ஸ்மித் பெற்றார்கள். இந்த நான்கு பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒன்றோடொன்று சற்றும் ஒட்டாத நான்கு உலகங்கள் திறக்கும்.

ஸ்வீடன் அரசு 2002-இல் நிறுவிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருதையும் பாருங்கள். எழுத்தாளர்களோடு ஓவியர்களும் அதில் இடம்பெறுகிறார்கள்: 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஷான் டான், 2020-இல் தென்கொரியாவின் பெக் ஹீனா. குழந்தைகளுக்கான சித்திரப் புத்தக ஓவியர்களுக்கு அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம் 1938-இலிருந்து தரப்படுகிறது. இத்தாலியின் போலோனியாவில் குழந்தைகள் புத்தகச் சந்தையோடு நடக்கும் ஓவியர் கண்காட்சியும், ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சித்திரக் கண்காட்சியும் 1967-இல் தொடங்கியவை.

வென்றவரோடு நின்றுவிடாதீர்கள். இறுதிப் பட்டியலில் இருந்த மற்றவர்களையும் பாருங்கள். நடுவர் குழு ஒருமனதாக ஏற்கத் தயங்கிய துணிச்சலான கைகள் பல நேரங்களில் அங்கேதான் இருக்கும்.

மூன்றாம் படி: ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு வரிசையில் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சூசி லீயை எடுத்துக்கொள்வோம். 1974-இல் சியோலில் பிறந்தவர். சியோலில் ஓவியமும் லண்டனில் புத்தகக் கலையும் படித்தவர். கண்ணாடி, அலை, நிழல் என்ற பொருள்களை வைத்து 2003, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் அவர் செய்த மூன்று புத்தகங்களிலும் கதை சொல்லும் வாசகங்கள் இல்லை. ஒவ்வொன்றின் மையத்திலும் ஒரு சிறுமி.

கடலைப் பற்றிய புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கரித்துண்டால் தீட்டிய சிறுமி இடப்பக்கம். நீல நிறத்தில் கடல் வலப்பக்கம். புத்தகத்தின் நடு மடிப்பு இருவருக்கும் இடையே எல்லைக்கோடாக நிற்கிறது. அலை எவ்வளவு சீறினாலும் அந்த மடிப்போடு நின்றுவிடுகிறது. சிறுமி துணிந்து கையை நீட்டும் பக்கத்தில், மடிப்பைத் தாண்டும் இடத்தில் கை அறுந்ததுபோல் காணாமல் போகிறது. முதல்முறை பார்ப்பவர் அச்சுப்பிழை என்று எண்ணக்கூடும். அது பிழையல்ல, எல்லையைக் கடப்பது என்றால் என்ன என்பதை ஓவியர் காகிதத்தாலேயே சொல்கிறார். பிறகு ஒரு பெரிய அலை மடிப்பைத் தாண்டி வந்து அவளை முழுவதுமாக நனைக்கிறது. அடுத்த பக்கங்களைக் கவனியுங்கள். அதுவரை கடலுக்கு மட்டும் சொந்தமாக இருந்த நீலம் அவள் உடையிலும் வானத்திலும் ஏறியிருக்கிறது. இரண்டே நிறங்களில், ஒரு வார்த்தை இல்லாமல், அச்சமும் நட்பும் முழுதாகச் சொல்லப்பட்டுவிடுகின்றன.

இப்போது மற்ற இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடியில் மடிப்பு, சிறுமியையும் அவள் பிம்பத்தையும் பிரிக்கிறது. நிழலில் புத்தகத்தைக் கிடையாகத் திருப்பி, மேல் பக்கத்தில் பொருள்களும் கீழ்ப்பக்கத்தில் அவற்றின் நிழல்களுமாகப் பார்க்க வேண்டும். மூன்றையும் பார்த்த பிறகு சூசி லீயின் பாணி என்ன என்று கேட்டால், கரித்துண்டு என்றோ நீலம் என்றோ சொல்ல மாட்டீர்கள். புத்தகம் என்ற பொருளின் உடலையே கதையில் ஒரு பாத்திரமாக்குவதுதான் அவர் பாணி என்பீர்கள். ஒரே புத்தகத்தைப் பார்த்திருந்தால் இந்த விடைக்கு வந்திருக்க முடியாது.

நான்காம் படி: எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள்

கோடு எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சில ஓவியர்களிடம் கோடே இருக்காது. பார்சிலோனாவில் வாழும் பிரெஞ்சு ஓவியர் மலிகா ஃபாவ்ர் உருவங்களைச் சுற்றிக் கோடு போடுவதில்லை. தட்டையான, அழுத்தமான நிறங்கள் ஒன்றையொன்று முட்டும் இடத்தில் உருவம் தானாகப் பிறக்கிறது. 2017 ஏப்ரலில் நியூயார்க்கர் இதழுக்கு அவர் வரைந்த அட்டையில், அறுவை சிகிச்சை மேசையில் படுத்திருப்பவரின் பார்வையில் நான்கு பெண் மருத்துவர்கள் நம்மைக் குனிந்து பார்க்கிறார்கள். உலகெங்கும் பெண் அறுவை சிகிச்சை நிபுணர்கள் அதே கோணத்தில் நின்று புகைப்படம் எடுத்து வெளியிட்டார்கள். அத்தனை பேர் அதைத் திரும்ப நடித்துக்காட்ட முடிந்ததற்கு அந்தப் படத்தின் எளிமையும் ஒரு காரணம்.

அடுத்து, ஓவியர் எதை வரையாமல் விடுகிறார் என்று பாருங்கள். பாணியைக் கண்டுபிடிக்க இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. கனடாவில் பிறந்த ஜான் கிளாஸனின் விலங்குகளுக்கு முகபாவம் என்று ஒன்று கிடையாது. வாய் அசையாது, புருவம் இல்லை, உடலும் பெரும்பாலும் ஒரே நிலையில் இருக்கும். கண் மட்டும் நகரும். தொப்பியைத் திருடிய சிறு மீனைப் பற்றிய அவரது புத்தகத்தில், பெரிய மீன் விழிக்கப்போவதில்லை என்று சிறு மீன் நமக்கு உறுதி சொல்கிறது. அதே பக்கத்துப் படத்தில் பெரிய மீனின் கண் அகலத் திறந்திருக்கிறது. வாசகம் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்லும். கதை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கடைசியில் சிறு மீனுக்கு என்ன ஆனது என்பதை அவர் காட்டுவதே இல்லை. அடர்ந்த நீர்ச்செடிகளுக்குள் இருவரும் போகிறார்கள், தொப்பியோடு பெரிய மீன் மட்டும் திரும்பி வருகிறது. அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கத்தையும் பிரிட்டனின் கேட் கிரீன்வே பதக்கத்தையும் ஒரே புத்தகத்துக்காகப் பெற்ற முதல் ஓவியர் அவர். அதைப் பெற்றுத் தந்தது இந்தப் புத்தகம்தான்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி சிட்னி ஸ்மித்துக்குப் பொருத்தமானது. கடலோரச் சுரங்க ஊர் ஒன்றைப் பற்றிய அவர் புத்தகத்தில், மேலே கடல்நீரில் வெயில் பட்டுத் தெறிக்கிறது. இடையிடையே வரும் பக்கங்களில் பெரும்பகுதி கறுப்பு. அடியில் ஒடுங்கிய கீற்றுக்குள் சிறுவனின் அப்பாவும் மற்ற தொழிலாளர்களும் குனிந்து வேலை செய்கிறார்கள். பக்கத்தில் கறுப்பு எடுத்துக்கொள்ளும் இடமே அந்த வாழ்க்கையின் பாரத்தைச் சொல்லிவிடுகிறது.

சிலரிடம் கோட்டையும் நிறத்தையும் கேட்டுப் பயனில்லை. யோசனைதான் அவர்கள் பாணி. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் நீமன், வீட்டில் கிடக்கும் ஒரு பொருளைக் காகிதத்தின் மேல் வைத்து அதைச் சுற்றி வரைகிறார். இரண்டு வாழைப்பழங்கள் குதிரையின் பின்கால்களாகிவிடுகின்றன. அவருடைய பத்துப் படங்கள் பத்து விதமாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் அந்தத் திடுக்கிடும் பொருத்தம் இருக்கும்.

ஐந்தாம் படி: கருவியையும் அச்சையும் தெரிந்துகொள்ளுங்கள்

யூகோ ஷிமிசு தூரிகையும் மையும் கொண்டு காகிதத்தில் வரைந்துவிட்டு, நிறங்களைக் கணினியில் சேர்க்கிறார். அந்தத் தூரிகைக் கோட்டின் உயிர் திரையில் வரைந்து வருவதில்லை. பெக் ஹீனா படமே வரைவதில்லை என்றுகூடச் சொல்லலாம். கையால் சிறு பொம்மைகளையும் அவற்றுக்கான வீடு, சமையலறைகளையும் செய்து, விளக்கு அமைத்துப் புகைப்படம் எடுக்கிறார். ஷான் டான், புலம்பெயர்ந்து அந்நிய நகரில் இறங்கும் மனிதனின் கதையைப் பழுப்பேறிய புகைப்பட ஆல்பம்போலப் பென்சிலால் வரைந்தார். அந்த நகரத்தின் எழுத்து அவர் கற்பனையில் உருவானது. கதாநாயகனால் படிக்க முடியாததை நம்மாலும் படிக்க முடிவதில்லை.

அச்சு முறையும் பாணியின் பகுதிதான் என்பதற்கு நல்ல சான்று சென்னையிலேயே இருக்கிறது. கீதா வுல்ஃப் 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ், சில நூல்களைக் கையால் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்து, கையால் தைத்து வெளியிடுகிறது. மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோர் வரைந்த மரங்கள் கறுப்புக் காகிதத்தில் அப்படித்தான் அச்சாயின. விரலால் தடவினால் மையின் மேடு தெரியும். திரையில் இதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள், இரண்டும் ஒன்றல்ல என்பதை உடனே உணர்வார்கள்.

ஆறாம் படி: வேரைத் தேடிப் போங்கள்

பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கட் கிராமத்தைச் சேர்ந்தவர். போபாலில் தன் சிற்றப்பா ஜன்கட் சிங் ஷ்யாமிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். வீட்டுச் சுவரில் இருந்த பர்தான் கோண்டு ஓவியத்தைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர் அந்த ஜன்கட். இந்த மரபில் உருவத்தின் வெளிக்கோட்டைப் போட்டபின் உள்ளே நிரப்பும் நுண்ணிய வடிவம் ஒவ்வோர் ஓவியருக்கும் தனித்தனி. புள்ளிகளால் நிரப்புபவர் உண்டு, சிறு கோடுகளால் நிரப்புபவர் உண்டு. கையெழுத்தே தேவையில்லை. ‘பழங்குடி ஓவியம்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிக் கடந்துவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மரபு பொதுவானது, கை தனியானது.

லண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் வரைவதற்காக இரண்டு மாதம் போய்வந்த பஜ்ஜு, அந்தப் பயணத்தை 2004-இல் புத்தகமாக்கினார். அதில் விமானம் இறக்கை முளைத்த யானை. தினமும் தன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த 30-ஆம் எண் பஸ் விசுவாசமான நாய். பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவல். இரண்டும் நேரம் சொல்பவை அல்லவா? வேர் எது, இவர் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழிலும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு 1950-களில் மணியம் வரைந்த படங்களையும், பிற்கால மறுவெளியீடுகளில் வினு, பத்மவாசன் வரைந்தவற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கதை ஒன்று, காட்சி ஒன்று, கை வேறு. வந்தியத்தேவனின் குதிரை எந்தக் கோணத்தில் நிற்கிறது, பின்னணியில் எவ்வளவு விவரம் இருக்கிறது, முகத்தில் எத்தனை கோடுகள் என்று மூன்றை மட்டும் ஒப்பிட்டாலே போதும். பிறகு மணியத்தின் மகன் மணியம் செல்வனின் படங்களுக்குப் போங்கள். தந்தையிடமிருந்து வந்தது எது, அவரே தேடிக்கொண்டது எது என்று பிரியத் தொடங்கும். அதற்குப் பின் டிராட்ஸ்கி மருதுவைப் பார்த்தால், அதே மன்னர்களும் வீரர்களும் வேகமான, முறுக்கேறிய கோடுகளில் வேறு பிறவி எடுத்திருப்பார்கள்.

ஏழாம் படி: கையால் பார்த்து வரையுங்கள்

வரையத் தெரியாது என்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மெல்லிய தாளை மேலே வைத்து ஒரு படத்தைப் பிரதியெடுங்கள். கண் ஒரு நொடியில் தாண்டிவிடும் கோட்டைக் கை தாண்ட முடியாது. எங்கே கோடு தடிக்கிறது, எங்கே விட்டுப்போகிறது, ஒரு கையை எத்தனை வளைவுகளில் முடித்திருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். கிளாஸனின் மீன் கண்ணை வரைந்து பாருங்கள். கருவிழியை இம்மியளவு நகர்த்தினாலே சந்தேகம் கோபமாகிவிடும். இது உங்கள் பயிற்சிக்கு மட்டும். அதை வெளியிடுவதும் விற்பதும் கூடாது.

கூடவே ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியருக்கு ஒரு பக்கம். பிறந்த ஊர், கற்ற இடம், கருவி, எப்போதும் செய்வது, ஒருபோதும் செய்யாதது. கடைசி இரண்டையும் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். ‘அழகு’, ‘அற்புதம்’ போன்ற சொற்களை அந்தப் பக்கத்தில் அனுமதிக்காதீர்கள். எந்த ஓவியருக்கும் பொருந்தும் சொல்லால் எந்த ஓவியரையும் அடையாளம் காண முடியாது.

எட்டாம் படி: செலவில்லாமல் புத்தகங்களைப் பார்க்கும் இடங்கள்

வெளிநாட்டுச் சித்திரப் புத்தகங்களின் விலை பலருக்கு எட்டாது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவுகள் இருக்கின்றன. பெரியவர்கள் அங்கே போய் உட்கார்ந்து படிக்கத் தயங்க வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படப்புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம். ஓவியர் பெயரை வைத்து அவரது மற்றப் புத்தகங்களையும் எடுத்துவிடலாம் என்பதால் மூன்றாம் படிக்கு அது மிகவும் பயன்படும். பிரியா குரியன், ராஜீவ் ஐப் ஆகிய இருவரோடு தொடங்குங்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் படப்புத்தகங்களைக் கொண்டுவருகிறது. பிரியா குரியனின் மூக்குக்கண்ணாடி தொலைத்த பாட்டி கதைக்கு வாசகமே இல்லாததால் மொழித் தடையும் இல்லை. திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸின் கட்டடத்தில் அவர்களது கைவினைப் புத்தகங்களை நேரில் பார்க்கலாம்.

ஒன்பதாம் படி: பகிரும்போது பெயரோடு பகிருங்கள்

பிடித்த படத்தை நண்பர்களுக்கு அனுப்பும்போது ஓவியர் பெயர், புத்தகத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஓரத்தில் இருக்கும் கையெழுத்தை வெட்டிவிடாதீர்கள். முழுப் புத்தகத்தையும் படமெடுத்துப் போடுவது அந்த ஓவியரின் வருமானத்தில் கைவைப்பது. ஒரு பக்கமே போதும். அழைப்பிதழிலோ விளம்பரத்திலோ பயன்படுத்த விரும்பினால், அவர் தளத்தில் இருக்கும் முகவரிக்கு எழுதி, எதற்கு, எத்தனை பிரதி, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லிக் கட்டணம் கேளுங்கள். இந்த மூன்று விவரங்களும் இருந்தால்தான் அவரால் தொகை சொல்ல முடியும்.